ஊறும் தாள், உதிரும் தூரிகை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகள் சீன எழுத்தோவியம் பழகுகிறாள். தூரிகை, மைக்கட்டி, மை அரைக்கும் கல், 'அரிசித்தாள்' எல்லாம் அடங்கிய பெட்டி வாங்கிக் கொடுத்தேன். மே மாதம் வரை நன்றாகத்தான் எழுதினாள். மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கோடும் ஊதிப் பெருத்துப் போகிறது. தாள் மட்டமா, கை சரியில்லையா?
– மாட்டுங்கா வாசகி

பதில்: இரண்டோடு மும்பை மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் தாள். பெயர்தான் அரிசித்தாள், அதில் அரிசி கிடையாது. அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில் செய்யும் அசல் ஷுவான் தாள், ச்சிங்டான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்ந்தது. அதில் 'பச்சைத் தாள்', 'வெந்த தாள்' என இரண்டு வகை. சீனர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். வெந்ததில் படிகாரமும் பசையும் ஏற்றியிருப்பதால் மை மேலோடு நிற்கும், நுணுக்கமான ஓவியத்துக்கு ஏற்றது. பச்சை, பட்டதும் உறிஞ்சும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவினால் பச்சை, முத்தாக நின்றால் வெந்தது. உங்களிடம் இருப்பது பச்சைத் தாளாகத்தான் இருக்கவேண்டும். ஜூலை ஈரத்தை அது ஏற்கனவே குடித்திருக்கும். மேலே மை பட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு வேண்டிய இரண்டு மூன்று தாளை மட்டும் வெளியே எடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில், செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

அடுத்து மை. கல்லில் அரை டீஸ்பூன் தண்ணீர் போதும். கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல், மெதுவாக வட்டமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் அரைக்கவேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் திரிதிரியாக வரும். கட்டி போன தடம் உடனே மூடாமல் ஒரு கணம் தெரிந்தால் பதம் சரி. கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் தண்ணீர் அதிகம். தூரிகையைத் தோய்த்ததும் கல்லின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கையைப் பொறுத்தவரை, இழைக்கோலம் போடுகிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. விரல் தயங்குகிற இடத்தில் மாவு குளம் கட்டும் அல்லவா, அதேதான். தூரிகை நின்றால் மை ஓடும். மேஜையில் நேரடியாகத் தாளை வைத்தாலும் மை அடியில் கசிந்து பரவும். பழைய கம்பளித் துண்டு ஒன்றை விரியுங்கள். பழகுவதற்கு 'யொங்' என்ற எழுத்து வசதி. அடிப்படைக் கோடுகள் எட்டும் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. பத்து சென்டிமீட்டர் கட்டம் போட்டு, பழைய செய்தித்தாளிலேயே எழுதலாம். நல்ல தாளை வீணாக்க வேண்டாம்.

முடித்ததும் மைக்கட்டியைக் கல்மேல் விட்டுவிடக் கூடாது. அதிலுள்ள பசை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் கல்லில் சில்லு பெயரும். துடைத்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். விலங்குப் பசை என்பதால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கல்லை அன்றன்றே கழுவுங்கள். பழைய மை நாறும்.

கேள்வி: மை அரைக்கப் பொறுமை இல்லை. கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க் பாட்டிலைப் பயன்படுத்தினேன். இப்போது தூரிகை விறைத்து, முடி கொட்டுகிறது.
– டோம்பிவிலி வாசகர்

பதில்: தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க்கில் பெரும்பாலும் அரக்கு சேர்ந்திருக்கும். முடிகளுக்கு நடுவே அது இறுகிவிட்டால் சீனத் தூரிகை பிழைப்பது கடினம். (புகைக்கரி மை சீனச் சரக்கு. ஐரோப்பியர்களில் ஆங்கிலேயர் அதற்கு இந்தியப் பெயர் வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர் சீனப் பெயர் வைத்தார்கள்.) பாட்டில் மைதான் வேண்டுமென்றால் சீன எழுத்தோவிய மை என்று கேட்டு வாங்குங்கள். முடி கொட்டுவதற்கு வெந்நீரும் காரணமாக இருக்கலாம். அடிக்கட்டிலுள்ள பசையை அது இளக்கிவிடும். பச்சைத் தண்ணீரில், சோப்பு இல்லாமல் அலசி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் நீலவெள்ளைச் சீனப் பீங்கான் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அடியில் சீன முத்திரையுள்ள கிண்ணம் ஒன்று இருக்கிறது. பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– செம்பூர் வாசகர்

பதில்: முத்திரையை நம்பிவிடாதீர்கள். ஆறெழுத்து முத்திரையில் அரச மரபு, ஆட்சிப் பெயர், 'செய்த ஆண்டு' என்று வரும். ஆனால் காங்ஷி ஆட்சியில் (1662–1722) பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்டெஜென் ஊர்க் குயவர்கள், இருநூறு ஆண்டு முந்திய செங்ஹுவா (1465–1487) முத்திரையைத் தாராளமாக இட்டார்கள். அது ஏமாற்று வேலை அல்ல, பழமைக்குச் செய்த மரியாதை. ஏமாற்றுகிறவர்கள் பின்னால் வந்தார்கள். அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் 1891க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டு முதல் இறக்குமதிச் சரக்கில் அமெரிக்கச் சுங்கம் நாட்டின் பெயரைக் கேட்டது.

அருங்காட்சியகத்தில் டாடா சகோதரர்கள் ரத்தன், தோராப் இருவரின் சேகரிப்பிலிருந்து வந்த சீனப் பொருட்களைப் பார்க்கும்போது நீலத்தைக் கவனியுங்கள். அது கோபால்ட். சுடாத மண் உடம்பின்மேல் வரைந்து, மேலே மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். சுடாத மண்ணும் பச்சைத் தாளைப் போலவே உறிஞ்சிவிடும். போட்ட கோட்டை அழிக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சாமான்களில் நீலத்துக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட்டிலிருந்த இரும்பு. மெருகு முடிந்து வெறும் மண் தெரியும் அடிவளையத்தையும் பார்க்கவேண்டும், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அது தெரியாது. உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் தெரியும்.

கேள்வி: பெய்ஜிங், ஷியான் போகிறோம். கூட இரண்டு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?
– முலுண்ட் வாசகி

பதில்: யோசிக்காமல் சுவான்ஜோ. தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள பழைய துறைமுகம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சியாமென் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்தது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில் திருமேனி எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்வது. கையுவான் ஆலயத்தின் பிரதான மண்டபத்துக்குப் பின்புறம் போக மறக்காதீர்கள். பதினாறு பட்டைகொண்ட இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள், மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடிவரிசையில் மனிதத் தலைச் சிங்கங்கள். இடிந்துபோன சிவன் கோயிலின் கற்களை எடுத்துப் பொருத்தியவை. பெரும்பாலான பயணிகள் முன்வாசலில் படம் எடுத்துக்கொண்டு இரட்டைக் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே சேடியன் கிராமத்தில், நான்கு கையுள்ள நம்மூர்ச் சிற்பம் ஒன்றைக் கருணைத் தெய்வம் குவான்யின் என்று சொல்லி இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வாசலில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்யவேண்டும். அரசு விடுமுறை தவிரத் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கேள்வி: மஜகாவ் சீனக் கோயிலில் இருக்கும் குவான் குங்குக்கு ஏன் சிவந்த முகம்?
– தாராவி வாசகர்

பதில்: மூன்று அரசுகள் காலத்துத் தளபதி குவான் யூதான் அவர். பெய்ஜிங் ஆப்பராவிலும் சிவப்பு முகம் என்றால் விசுவாசம், வீரம். வெள்ளை பூசியவன் சூழ்ச்சிக்காரன். அவருடைய எதிரி சாவ் சாவ் அப்படித்தான் வருவார். கறுப்பு முகம் வளைந்து கொடுக்காத நீதிபதி பாவ் ஜெங்குக்கு. அவர் நெற்றியில் இருப்பது நாமம் அல்ல, பிறைநிலா.