எல் நினோ உலகைச் சுற்றி வருகிறதா? பசிபிக்கின் வெப்பம் மற்ற கண்டங்களின் மழையை மாற்றுவது எப்படி?

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடானால் (இதுவே எல் நினோ) ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் மழை மாறுவது எப்படி, அந்தச் சூடான நீர் உலகைச் சுற்றி வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நீர் பசிபிக்கைத் தாண்டுவதே இல்லை. கடலுக்குள் ஓர் அலையும் காற்றில் வேறு சில அலைகளும் தனித்தனி வேகத்தில் செல்கின்றன. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் எல் நினோ ஊர்ந்து வரும் ஒரு பொருளைப் போலத் தோன்றுகிறது.

முதலில் கடலைப் பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று, சூடான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவித்து வைக்கிறது. அங்கே கடல்மட்டமே கிழக்கைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். வெதுவெதுப்பான அடுக்கின் தடிமன் 150 மீட்டரையும் தாண்டும். தென் அமெரிக்கக் கரையோரத்திலோ 50 மீட்டருக்குள்ளேயே குளிர்நீர் வந்துவிடும். மேற்கு பசிபிக்கில் காற்று ஓரிரு வாரங்கள் திசைமாறி மேற்கிலிருந்து பலமாக வீசினால், அந்தச் சூடான அடுக்கில் ஏற்படும் அழுத்தம் கெல்வின் அலையாகக் கிழக்கு நோக்கிக் கிளம்புகிறது. அதன் வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர். பெருங்கடலைக் கடக்க அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் உயர்வாக மட்டுமே தெரியும் இந்த அலை, அடியில் குளிர்நீரின் எல்லையைப் பல மீட்டர் கீழே அழுத்திவிடுவதால், பெரு நாட்டின் கரையில் மேலெழும் நீர் வழக்கமான குளிர்ச்சியை இழந்துவிடுகிறது.

கடலின் பயணம் இத்துடன் முடிகிறது. இனி வருவது காற்றின் வேலை. சூடான நீர் கிழக்கே பரவியதும் அதன் மேல் பெய்யும் பெருமழையும் கூடவே நடு பசிபிக்குக்கு இடம்பெயர்கிறது. நீராவி குளிர்ந்து மழையாகும்போது வெளிவிடும் வெப்பம், 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளுகிறது. ஓடும் ஆற்றில் புதிதாக ஒரு பாறையைப் போட்டால் அதற்குக் கீழே நெடுந்தொலைவு வரை நீரோட்டம் வளைந்து நெளிவதைப் போல, உயரத்தில் பாயும் தாரைக்காற்றில் ராஸ்பி அலைகள் எனப்படும் பெரும் வளைவுகள் தொடராக உருவாகி, வட பசிபிக் வழியாக வட அமெரிக்காவரை வில்லாக வளைந்து செல்கின்றன. இதற்கு ஓரிரு வாரங்களே போதும். வெப்பமண்டலத்துக்குள், மேற்கு பசிபிக்கில் காற்று மேலெழுந்து கிழக்கே கீழிறங்கும் வாக்கர் சுழற்சி இடம் மாறுவதால், இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியிலும் காற்று கீழிறங்கி மழையைத் தடுக்கிறது. அட்லாண்டிக்கிலோ உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்துச் சூறாவளிகள் உருவாவதைக் கெடுக்கிறது.

மற்றப் பெருங்கடல்கள் மெதுவாகவே பதில் சொல்கின்றன. இந்தியப் பெருங்கடலின் மேல் மேகம் குறைந்து காற்றும் தளர்வதால், அங்குள்ள நீர் சில மாதங்கள் பிந்திச் சூடாகிறது. எல் நினோ பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி உச்சம் தொட்டுத் தணிந்த பிறகும், அடுத்த கோடை வரை அதன் தாக்கம் நீடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உலகைச் சுற்றி வரும் அலைவு என்று ஒன்றைச் சுட்டத்தான் வேண்டுமென்றால், நான் மேடன்–ஜூலியன் அலைவைத்தான் சொல்வேன். நடு பசிபிக்கின் கேன்டன் தீவில் பலூன்கள் மூலம் அளந்த காற்றுப் பதிவுகளில், 40 முதல் 50 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் ஓர் ஒழுங்கை மேடன், ஜூலியன் என்ற இரு வானிலை ஆய்வாளர்கள் 1971இல் கண்டனர். இந்தியப் பெருங்கடலில் மேகத்திரளாகக் கிளம்பி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகரும் இது, குளிர்ந்த கிழக்கு பசிபிக்கை அடைந்ததும் மேகங்களை இழந்து, வெறும் காற்று மாற்றமாக விரைந்து உலகைச் சுற்றுகிறது. 1997 மார்ச்சில் இதனோடு சேர்ந்து வீசிய மேற்குக் காற்றுதான், அவ்வாண்டின் மாபெரும் எல் நினோவுக்குத் தூண்டுதலான கெல்வின் அலைகளில் ஒன்றைக் கிளப்பியது.

வட பசிபிக்கின் நீர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாகவும் குளிராகவும் மாறி மாறி இருப்பதைப் பசிபிக் பத்தாண்டு அலைவு என்று தனியாகப் பேசுவார்கள். என் பார்வையில் அதில் கணிசமான பங்கு, எல் நினோவும் அதற்கு எதிரான குளிர்ந்த நிலையான லா நினாவும் வட பசிபிக்கில் விட்டுச்செல்லும் நினைவுதான். அதைத் தனி இயந்திரமாகக் கருதுவது மிகை.

இத்தனை பாதைகள் இருப்பதால் விளைவு ஒரே அச்சில் வார்த்ததுபோல் அமைவதில்லை. இந்தியாவில் வானிலை ஆய்வுத்துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டியே கணிக்க முயன்றபோதுதான் இரு பெருங்கடல்களின் காற்றழுத்தமும் ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்குவதைக் கண்டு, அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். எல் நினோ ஆண்டுகளில் இந்தியப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆயினும் 1997இன் வலுவான எல் நினோவில் இந்தியப் பருவமழை இயல்பாகவே பெய்தது. 2002இன் மிதமான எல் நினோவில் கடும் வறட்சி வந்தது. 1997இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்து ஈடுகட்டியது. 2002இல் பசிபிக்கின் வெப்பம் கிழக்கோரத்தில் அல்லாமல் நடுப்பகுதியில் குவிந்திருந்தது. ஆகவே எல் நினோ அறிவிப்பைப் படிக்கும்போது, எவ்வளவு சூடு என்பதோடு எந்தத் தீர்க்கரேகையில் சூடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.