மின்நிலையங்களின் கார்பன் வெளியீட்டுக்குக் கட்டுப்பாடு வைத்தால் நம் கரண்டு பில்தானே ஏறும்?

ஏறலாம். ஆனால் எவ்வளவு, யார் தலையில் என்பதெல்லாம் சட்டத்தை எழுதுகிற விதத்தில்தான் இருக்கிறது. நான் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள காப்பார்க்காரன். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் சுமார் 2,400 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் நிற்கிறது. இங்கே நிலக்கரி பேச்சு எங்கள் வாசலில் நடக்கிற பேச்சு.

புகைபோக்கிக்கு நம் நாட்டில் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு தூய காற்று விதிமுறைகள் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் வரை வரம்பு விதித்திருக்கின்றன. கார்பன் என்று நாம் பேசும் கரியமிலவாயுவுக்கு மட்டும் வரம்பு இல்லை. தூசியை வடிகட்டி பிடித்துக்கொள்ளும்; கரியமிலவாயு அதில் சிக்காது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வெளியேறும். எரிவாயுவில் அதில் பாதிகூட வராது. ஆகவே எந்த நிலையம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

2025 பட்ஜெட்டில் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கார்பன் வரி வரும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஒரு கணக்குக்கு, வெளியேறும் கரியமிலவாயு டன்னுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 2 சென் கூடும், எரிவாயுவுக்கு ஒரு சென்கூட இல்லை. மாதம் 300 யூனிட் ஓடும் வீடு, அத்தனையும் நிலக்கரி என்றே வைத்தாலும், 6 வெள்ளி. பெரிய வீட்டுக்காரருக்கு இது ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்று, இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜோடு காலம் தள்ளும் பாட்டிக்கு அது ஒரு வேளைக் காய்கறி.

எனக்குக் கவலை இன்னொரு இடத்தில். நீண்டகால மின்கொள்முதல் ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவு நிலையம் நடத்துபவரைச் சுடுவதில்லை. கட்டணத்தில் ஏறி நம்மிடம் வந்துவிடுகிறது. வரியும் அப்படியே வந்தால் புகை குறையாது, பில் மட்டும் ஏறும். அதனால் எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்று முடிவு செய்கிற இடத்திலேயே வரியைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்போதுதான் நிலக்கரி வரிசையில் பின்னுக்குப் போகும்.

சட்டத்தில் தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே போதும். கரியமிலவாயு போன்ற பசுங்குடில் வாயுக்களும் காற்று மாசுதான், அவற்றைக் கட்டுப்படுத்தச் சுற்றுச்சூழல் முகமைக்கு அதிகாரம் உண்டு என்று 2007-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. மின்நிலையங்கள்மீது அந்த அதிகாரத்தை எவ்வளவு தூரம் செலுத்தலாம் என்பதை 2022-ல் அதே நீதிமன்றம் குறுக்கிவிட்டது.

அப்புறம் அந்தப் பாட்டியின் 6 வெள்ளி. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக பில்லில் 1.6 விழுக்காடு பிடிக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மாதம் 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது கிடையாது. கார்பன் வரிக்கும் அதே 300 யூனிட் கோட்டைப் போடச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இப்போதே கேட்கலாம்.