மோதிரம் போதும், வார்டுக்கு வாருங்கள்

கேள்வி: 1959-இல் சென்னை மாநகராட்சியை தி.மு.க. பிடித்ததற்காக அண்ணா மேடையிலேயே கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்தாராமே, அது அவ்வளவு பெரிய வெற்றியா?
- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: அணிவித்தார். ஆனால் அந்த மோதிரத்தை நினைத்தாலே எனக்கு விரல் வலிக்கிறது. அதற்குக் காசு கொடுத்தது யார் என்று கண்ணதாசன் கிளப்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. எத்தனை பவுன், எந்தக் கடை, ரசீது உண்டா என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. செய்கூலி, சேதாரம் கேட்டு ஒருவர் எழுதுவார் என்று காத்திருக்கிறேன். 100 வார்டில் 45-ஐ வைத்துக்கொண்டு எப்படி மேயரைப் பிடித்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அன்று மேயருக்கு ஊர்மக்கள் ஓட்டுப் போடவில்லை. மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள், கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 45 பாதிகூட இல்லை. கம்யூனிஸ்ட்டுகள் கைகொடுக்க, அ.பொ. அரசு மேயரானார். சட்டசபையில் 15 பேர் மட்டுமே இருந்த கட்சி, காமராஜர் முதல்வராக இருக்கும்போதே தலைநகரின் ரிப்பன் மாளிகைக்குள் போய் உட்கார்ந்தது. பெரிய வெற்றிதான், சந்தேகமே வேண்டாம்.

உட்கார்ந்து என்ன செய்ய முடிந்தது? அன்று மேயர் பதவி ஒரே ஒரு வருடம். அங்கியைத் தைத்து, சங்கிலியை மாட்டி, வரவேற்புகளுக்குப் போய்வருவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். நிர்வாகம் கமிஷனர் கையில். அவரை நியமிப்பது கோட்டை. 'மறுபடியும் கமிஷனர் புராணமா?' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரே வருட மேயரானாலும் பெயர் நிற்கும்படி செய்ய முடியும் என்பதற்கு சத்தியமூர்த்தி இருக்கிறார்: 1939-இல் மேயர், ஊருக்குக் குடிநீர் வேண்டும் என்று பூண்டி நீர்த்தேக்கத்துக்காக நின்றார். அது 1944-இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. எனக்குக் கோடைக்குக் கோடை அவர் ஞாபகம்தான் வரும். எந்த மோதிரமும் வராது.

சரி, மாமன்றத்துக்கு வருவோம். 1973-இல் மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் வெடித்தது, மன்றம் கலைக்கப்பட்டது. கலைத்தது தி.மு.க. அரசு, முதல்வர் கருணாநிதி. அடுத்த தேர்தல் 1996-இல்தான். மக்களே நேராக ஓட்டுப் போட்டு ஸ்டாலினை மேயராக்கினார்கள். இடையில் 23 வருடம் கவுன்சிலர் என்று ஓர் ஆளே கிடையாது. சாக்கடை அடைத்தால் அதிகாரியைத் தேடிப் போகவேண்டியதுதான். எம்.ஜி.ஆர். ஆண்ட பத்து வருடத்திலும் சென்னைக்குத் தேர்தல் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் சண்டையே வந்ததில்லை.