வாசகர் கேள்விகள்: 24 ஹெர்ட்ஸில் ஃபேனும் யானையும்

போன இதழில், "மைக்ரோகண்ட்ரோலரில் சிக்னல் பிராசஸிங் கற்க ஆசைப்படுகிறவர்கள் எழுதுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். அதிர்வு, ஒலி போன்றவற்றைக் குட்டிக் கணினிச் சிப் ஒன்றால் அளந்து, வேண்டியதைப் பிரித்தெடுக்கிற வேலை அது. கோத்தகிரியில் மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் கடிதங்களைப் படித்தேன். பாதிப் பேர் "எந்த போர்டு வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கும் முன்னே பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கிற கதை. அதை இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறேன்.

கே: சார், ஆர்டுயினோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எல்.இ.டி., மோட்டார் எல்லாம் ஓட்டிவிட்டேன். சிக்னல் பிராசஸிங் படிக்கலாம் என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் அலையை அலைவரிசைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் சூத்திரம் வந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
(பாலிடெக்னிக் மாணவர், குன்னூர்)

ப: ஃபூரியர் எங்கும் ஓடிவிட மாட்டார் தம்பி. முதலில் உன்னைச் சுற்றி ஆடுகிற, சத்தம் போடுகிற பொருள் ஒன்றைப் பிடி. மாவு மெஷின், தண்ணீர் மோட்டார், எதுவானாலும் சரி. எனக்கு வாய்த்தது தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஃபேன்.

அப்போது ஒரு ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அங்கிருந்த மெக்கானிக் ஃபேன் கூட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அண்ணே, இது சரியில்லை" என்பார். அவர் கைக்குத் தெரிவதை நான் கிராஃபில் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஏ.டி.எக்ஸ்.எல். 335 அதிர்வு சென்சார், ஒட்டுவதற்கு எம்-சீல். புரோகிராமில் ஒரு முறை அளந்தபின் 40 மில்லிசெகண்ட் டிலே, அதாவது காத்திருப்பு. நொடிக்கு ஏறத்தாழ 25 அளவுகள்.

கிராஃபில் மெதுவாக ஏறி இறங்கும் அலை ஒன்று வந்தது. ஓர் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நொடிக்கு மேல் ஆனது. ஆலையே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அஸ்திவாரம் ஆடுகிறது என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னேன். இரண்டு பேர் காலை முழுக்க ஸ்பேனரோடு கிடந்து போல்ட்டுகளை முறுக்கினார்கள். அலை அப்படியே இருந்தது. அன்று டீ வேளையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ராத்திரி சும்மா இருக்க முடியாமல் டிலேயை 30 ஆக்கினேன். மெதுவான அலை போய், நொடிக்கு ஒன்பது தடவை துடிக்கும் அலை வந்தது! ஃபேன் அதே ஃபேன். நான் பார்க்கும் வேகத்தை மாற்றினால் அலையும் மாறுகிறது என்றால், அந்த அலை ஃபேனில் இல்லை, என் புரோகிராமில் இருக்கிறது.

கணக்கு எளிது. அந்த மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, நொடிக்கு 24, அதாவது 24 ஹெர்ட்ஸ். குடை ராட்டினத்தில் ஒரு பையன் சுற்றுகிறான் என்று வை. நீ கண்ணை மூடிக்கொண்டு, அவன் ஒரு சுற்று முடிக்கச் சற்று முன்னால் மட்டும் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்க்கிறாய். அவன் மெதுவாகப் பின்னால் நகர்கிறான் என்றே சத்தியம் செய்வாய். 24-ஐ 25 வேகத்தில் பார்த்தால் 1 தெரியும். 33 வேகத்தில் பார்த்தால் 9 தெரியும். இதற்கு அலையாசிங் என்று பெயர். 24 ஹெர்ட்ஸைப் பிடிக்க நொடிக்கு 48-க்கு மேல் அளவுகள் வேண்டும் என்பது நைக்விஸ்ட் விதி. நடைமுறையில் நான் பத்து மடங்கு வைப்பேன்.

ஆகவே உன் முதல் பாடம் டைமர் இன்டரப்ட்: சிப்பின் கடிகாரமே சரியான இடைவெளியில் தட்டி எழுப்பி அளக்கச் சொல்வது. டிலே போட்டு அளந்தால் ஒவ்வோர் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்தத் தள்ளாட்டமும் இரைச்சலாகவே பதிவாகும். அப்புறம் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) காலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும்: சென்சாரின் உள்மின்தடை மிகக் குறைவாக இருந்தால், 1.6 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப்போகக் குறையும். நொடிக்கு 1000 அளவுகள் எடுத்தால் ஆரம்பத்துக்கு இது போதும். உள்ளே வந்துவிட்ட போலி அலையை எந்த புரோகிராமாலும் பிரிக்க முடியாது, வாசலிலேயே நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் நான் செய்த மாதிரி அளக்கும் வேகத்தை மாற்றிப் பார். அலைவரிசைக் கிராஃபில் இடம் மாறும் சிகரம் போலி.

கடைசியில் ஒழுங்காக அளந்தபோது 24 ஹெர்ட்ஸில்தான் உயரமான சிகரம் நின்றது. சுற்றுக்கு ஒரு தடவை அதிர்ந்தால் பெரும்பாலும் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஃபேனை நிறுத்திப் பார்த்தால் ஓர் இறக்கையில் தூசும் பஞ்சும் அடையாக ஒட்டியிருந்தது. மெக்கானிக் கை சொன்னது சரி.

கே: ஊனோவே போதுமா, வேறு போர்டு வேண்டுமா?
(பலர்)

ப: முதல் இரண்டு மாதத்துக்கு ஊனோ போதும். 10 பிட் ஏ.டி.சி., 16 மெகாஹெர்ட்ஸ். நினைவகம்தான் 2 கிலோபைட். 256 புள்ளி எஃப்.எஃப்.டி.யை (ஃபூரியர் கணக்கை வேகமாகப் போடும் முறை) ஃப்ளோட்டில், அதாவது தசம எண்களில் எழுதினால் அதற்கே 2 கிலோபைட்டும் தீர்ந்துவிடும். அந்தச் சுவரில் ஒரு தடவை முட்டிக்கொள்வது நல்லதுதான்.

அடுத்து கார்டெக்ஸ்-எம்4 பிராசஸர் உள்ள எஸ்.டி.எம்.32 எஃப்4 வகை போர்டு என் விருப்பம். தசமக் கணக்கைச் சிப்பே நேரடியாகச் செய்யும், சிக்னல் கணக்குகளை ரெடிமேடாக எழுதி வைத்திருக்கும் சி.எம்.சிஸ்-டி.எஸ்.பி. நூலகம் இலவசம். ஒரே எச்சரிக்கை: சி மொழியில் 0.5 என்று மட்டும் எழுதினால் அது டபுள் (ஃப்ளோட்டைவிட இரு மடங்கு இடம் பிடிக்கும் தசம எண்) ஆகிவிடும், அந்தச் சிப்பால் அதை நேரடியாகச் செய்ய முடியாது, வேகம் சரிந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் ஓர் எஃப் போடுங்கள், 0.5f என்று. இந்த ஓர் எழுத்துக்காக நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

கே: நான் பிளஸ் டூவில் காமர்ஸ். கணக்கு என்றாலே பயம். எனக்கு வருமா ஐயா?
(வாசகி, கட்டபெட்டு)

ப: கூட்டல், வகுத்தல் வருமா? அப்படியானால் வேண்டாத அலையை வடிகட்டும் உங்கள் முதல் ஃபில்டர் இன்றே தயார். நொடிக்கு 1000 அளவுகள் எடுங்கள். கடைசி 20 அளவுகளின் சராசரியை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். கரண்ட் கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம், அந்த ரீங்கார இரைச்சல், மறைந்துவிடும். ஏன்? 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு முழு அலை 20 மில்லிசெகண்ட். 20 அளவுகளும் அதே 20 மில்லிசெகண்ட். மேல்பாதியும் கீழ்பாதியும் கூட்டினால் பூஜ்யம். வரவு செலவு நேராவது காமர்ஸ் படித்தவருக்குத் தெரியாதா? சைன், கோசைன் பிறகு தேவைப்படும்போது தானாக வரும்.

கே: அண்ணா, எங்கள் பக்கம் யானை வருவது அன்றாடம். யானை காதுக்குக் கேட்காத ஒலியில் பேசுமாமே. மைக் வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?
(கூடலூர் வாசகர்)

ப: ஆசிய யானையின் அந்த உறுமல் 14-லிருந்து 24 ஹெர்ட்ஸ் வரை என்று 1980-களில் பதிவு செய்தார்கள். ஆக, யோசனை சரிதான், மைக்தான் தகராறு. நம் ஆட்கள் வாங்கும் ஐ.என்.எம்.பி. 441 மைக் 60 ஹெர்ட்ஸில்தான் ஒழுங்காகக் கேட்கவே ஆரம்பிக்கும். கீழே வரை கேட்கும் மைக் கிடைத்தாலும், காற்று அடித்தால் அதே இடத்தில்தான் இரைச்சல்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? என் ஃபேனும் 24 ஹெர்ட்ஸ். தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் உங்கள் கருவியை வைத்தால் ராத்திரி முழுக்க யானை நிற்கிறது என்று கத்திக்கொண்டே இருக்கும். வித்தியாசம் நடத்தையில் இருக்கிறது. ஃபேன் ஒரே எண்ணில் மணிக்கணக்கில் நிற்கும், யானையின் உறுமல் சில நொடிகளில் எழுந்து, வளைந்து, அடங்கும். ஆகவே ஒரு அலைவரிசையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், அது நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நொடிக்கு 1000 அளவு வேகத்தில் 1024 அளவுகளை எடுத்து எஃப்.எஃப்.டி. போட்டால் சுமார் 1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம், அதற்கு ஒரு நொடி ஆகும்.

கற்றுக்கொள்ள அருமையான வேலை. ஆனால் அதை நம்பி இருட்டில் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள். வனத்துறைக் காவலர் சொல்வதைக் கேளுங்கள்.

கே: ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ டெலஸ்கோப்பும் இதே சிக்னல் பிராசஸிங்தானா?
(கல்லூரி மாணவி, கொடைக்கானல்)

ப: அதேதான் அம்மா, அளவுதான் வேறு. அதன் ஆன்டெனா 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-லிருந்து இயங்குகிறது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து வைத்தார்கள், அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 326.5 மெகாஹெர்ட்ஸில் வருவதைக் குறைந்த அலைவரிசைக்கு இறக்கி, பின்பு கணக்குப் போடுகிறார்கள். கட்டபெட்டு அம்மா 20 அளவுகளைக் கூட்டுகிறார், அவர்கள் எண்ணற்ற அளவுகளைக் கூட்டுகிறார்கள். 100 அளவுகளைச் சராசரி எடுத்தால் தாறுமாறான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், 10,000 எடுத்தால் நூறில் ஒரு பங்கு. உன் ஹாஸ்டல் மேஜையில் சென்சாரை அசையாமல் வைத்து இதை அளந்து பார், கிராஃபை எனக்கு அனுப்பு.