ரன்னிங் பேக்: எமிட் ஸ்மித்தா, ஜிம் பிரவுனா?

எல்லாக் காலத்துக்குமான என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணியை வீரர்களின் மொத்தக் கணக்கு பார்த்தே எடுக்கிறேன், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கில்தான் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள். என் ஓட்டு பிரவுனுக்கு. ஸ்மித்தின் 18,355 யார்டு 15 சீசனில் வந்தது. பிரவுன் ஆடியதே 9 சீசன். அதில் 8 முறை லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியும் 5.2 யார்டு, ஸ்மித்துக்கு 4.2.

பந்தை வீச பிரேடி, பிடிக்க ஜெர்ரி ரைஸ் எல்லாம் சரி. ஆனால் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டில் டீக்கன் ஜோன்ஸை விட்டுவிட்டீர்களே! ‘சாக்’ (எதிரணியில் பந்து வீசுபவரை வீசும் முன்பே வீழ்த்துவது) அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது 1982-ல்தான். அவரோ 1974-லேயே ஆடி முடித்துவிட்டார், அதனால் மொத்தக் கணக்கு பார்த்தால் அவர் தெரியவே மாட்டார். அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டதே அவர்தான் என்பார்கள், பாவம். அப்புறம் பந்து வீசுபவரைக் காக்கும் லெஃப்ட் டாக்கிள். அங்கே கூட்டிப் பார்க்க யார்டே கிடையாது. லீக்கின் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்கு 11 முறை தேர்வான அந்தோனி முனோஸைப் போட்டுவிடுங்கள்.