தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்: கார் பெயின்ட்டில் தெறித்த கறைகள் பற்றிக் கேள்வி பதில்

கார் பெயின்ட் வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். இடிபட்டு வரும் வண்டியைப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் வராது. வீட்டில் உட்கார்ந்து தேய்த்தே கெடுத்துக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்தால்தான் மனசு கஷ்டப்படும். கறை போயிருக்கும், ஆனால் அது இருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போயிருக்கும். அதனால்தான் தெறித்த கறைகள் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் ரோட்டில் புதிதாகத் தார் போட்டார்கள். அதில் ஓட்டி வந்ததில் என் வெள்ளைக் காரின் கதவுக்குக் கீழேயும் சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரே கருப்புப் பொட்டு. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா?

முதலில் நகத்தை எடுங்கள் தம்பி. அந்தப் பொட்டுக்குள் பொடிக்கல்லும் மணலும் இருக்கும். நீங்கள் சுரண்டினால் அவைதான் பெயின்ட்டைக் கீறும்.

தார் பெட்ரோலியத்திலிருந்து வருவது. எண்ணெய்ப் பசையை எண்ணெய்தான் இளக்கும். சின்ன வயதில் காலில் தார் ஒட்டினால் வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்திருப்பார்களே, அதே விஷயம்தான் இங்கேயும். காருக்கு மண்ணெண்ணெய் போதும். அது இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை என்றால் பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு ஒரு சின்னத் துணியை டர்பன்டைனில் நனைத்து பொட்டின் மேல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். எடுத்துப் பார்த்தால் பொட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கசிந்திருக்கும். அப்போது துணியின் சுத்தமான பக்கத்தால் மெதுவாக ஒற்றி எடுங்கள். வராவிட்டால் மறுபடி நனைத்து வையுங்கள், அழுத்தாதீர்கள். ஒரே துணியால் பத்துப் பொட்டை எடுத்தால் முதல் பொட்டின் மணல் பத்தாவது இடத்தைக் கீறிவிடும். பழைய பனியன் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது முதல் காரணம். இன்னொன்று, தார் இளகுவதற்குள் அது ஆவியாகிவிடும். அப்புறம் நீங்கள் காய்ந்த தாரைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் முடிந்ததும் கார் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தூசி வந்து அப்பும். கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கில் டர்பன்டைன் ஊறவிடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். புது ரோடு போடுவதற்கு முன்னால் தெளிக்கும் தார்க் குழம்பு முதலில் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதில் தண்ணீர் கலந்திருக்கும். நீர் பிரிந்த பிறகுதான் கருக்கும். பழுப்பாக இருக்கும்போதே கவனித்துவிட்டால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: ஏன் சார் இவ்வளவு பயம்? கம்பெனியில் அடித்த பெயின்ட் என்ன காகிதமா?

ஆமாம், ஏறக்குறைய காகிதம்தான். பிரைமர், கலர், மேலே கிளியர் கோட் என்று எல்லாம் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்று கிட்டத்தட்ட 100 மைக்ரான். பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் கிளியர் கோட்தான். அது அந்தத் தாளில் பாதிகூட இருக்காது. கீறலை எடுக்கத் தேய்க்கும் காம்பவுண்டு பசையை ஒவ்வொரு முறை போடும்போதும் அதில் கொஞ்சம் குறைகிறது, குறைந்தது திரும்பி வராது. அதனால்தான் தேய்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் கூரை ஒழுகி, பானட்டில் வெள்ளை வெள்ளையாகக் கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஷாம்புவுக்கு அசையவில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட் போட்டால் உடனே போகும் என்று வாட்ச்மேன் சொல்கிறார்.

ஆசிட் பாட்டிலைத் தயவுசெய்து காருக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள் அம்மா. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். பானட்டில் எங்காவது சின்னதாகக் கல் பட்ட தழும்பு இருந்தால் அது வழியாக இரும்பைப் பிடித்துவிடும். குரோம், அலாய் வீல் எல்லாம் கருத்துப்போகும்.

கான்கிரீட் வழியாகக் கசிந்து வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது கடுமையான காரம். காற்று பட்டதும் கல்லாக இறுகிவிடும். காரத்துக்கு அமிலம் வேண்டும் என்பது சரிதான், ஆனால் சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகர் போதும். டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்து அந்த இடத்தில் ஒட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். காயவிடக் கூடாது, இடையில் ஒரு முறை நனைத்துக்கொள்ளலாம். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரே முறையில் போகாது. தடித்த கட்டியாக இருந்தால் நான்கைந்து முறை, இரண்டு நாள்கூட ஆகும். பொறுமையாகச் செய்யுங்கள். பானட் சூடாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது பல வாரம் கிடந்திருந்தால் வெள்ளை போன பிறகும் அடியில் வட்டத் தடம் தெரியலாம். அது கறை இல்லை, காரம் கிளியர் கோட்டைத் தின்ற பள்ளம். அதை வினிகரால் ஒன்றும் செய்ய முடியாது, பாலிஷ் போடுகிறவரிடம் காட்டுங்கள். ஒழுகும் இடத்தை அடைக்கும் வரை வண்டியை வேறு இடத்தில் நிறுத்த முடியுமா என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து: பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கார் மேல் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. மேம்பால வேலை நடக்கும் இடத்தில் சிமென்ட் பாலும் சொட்டியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன செய்வது?

இரண்டும் காரம்தான், மேலே அம்மாவுக்குச் சொன்ன அதே வினிகர் முறை. சிமென்ட்டில் மட்டும் மணல் இருப்பதால், இளகிய பிறகு துணியால் இழுக்காமல் தண்ணீரைப் பீய்ச்சி இறக்குங்கள். வீட்டுக்கு அடித்தது சுண்ணாம்பு இல்லை, எமல்ஷன் என்றால் வினிகர் உதவாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் தோல் மாதிரி உரிந்து வரும்.

திருச்சியிலிருந்து ஒரு சார்: பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காரைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

வேலை கற்றுக்கொள்ளும் காலத்தில் இதையே நான் செய்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியில் ஹெட்லைட் மேல் இருந்த பெயின்ட் துளிகளைத் தின்னரால் துடைத்தேன், நன்றாகவே போயிற்று. மறுநாள் அந்த ஹெட்லைட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல். அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகவே ஆகாது. புது லைட் வாங்கிக் கொடுத்தோம், அந்தப் பணத்தைவிட அவர் முகம்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்குத் தேவை கிளே பார். கார் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் களிமண் மாதிரிக் கட்டி அது. முதலில் காரை நன்றாகக் கழுவுங்கள். ஒரு பக்கெட்டில் ஷாம்புத் தண்ணீரைக் கலந்து வைத்துக்கொண்டு, இரண்டு சாண் அகலத்துக்கு அந்தத் தண்ணீரைத் தெளித்து, கிளேயைத் தட்டையாக்கி வழுக்கிக்கொண்டு போவது மாதிரி நகர்த்துங்கள். கையின் எடை போதும். முதலில் கரகரவென்று கேட்கும், பிறகு சத்தம் அடங்கி வழுவழுவென்று ஓடும். அப்போது அந்த இடம் முடிந்தது. கிளேயில் ஏறிய அழுக்கை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள், ஒட்டிய மணல் காரெல்லாம் கோடு போடும். கிளே ஓட்டினால் பழைய வாக்ஸும் போய்விடும், முடித்ததும் புதிதாக ஒரு பூச்சு போட்டுவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மாமரத்தடியில் நிறுத்துகிறேன். பூக்கும் காலத்தில் கார் முழுக்கப் பிசின். டர்பன்டைன்?

வேண்டாம். அது பெரும்பாலும் மரப் பிசினே இல்லை. பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீர், சர்க்கரைதான். வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திக் கொஞ்ச நேரம் வைத்தாலே கரைந்துவிடும். உண்மையான மரப் பிசின் கெட்டியாக, கண்ணாடி மணி மாதிரி நிற்கும். அதற்குக் கை கழுவும் சானிடைசர் ஜெல் ஒரு சொட்டு வைத்து, அரை நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். ஜெல் என்பதால் அதிலுள்ள ஆல்கஹால் உடனே பறந்துவிடாது.

மதுரையிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, சிக்னலில் நிற்கும்போது பஸ் ஜன்னலிலிருந்து வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டார்கள். வெள்ளைக் கார். அழுகையே வந்துவிட்டது.

வரத்தான் செய்யும் அம்மா. அடுத்த முறை நடந்தால் வீடு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஓரமாக நிறுத்திக் குடிக்கும் தண்ணீரையாவது ஊற்றிவிடுங்கள். அதில் சுண்ணாம்பும் பாக்கின் துவர்ப்பும் சேர்ந்திருக்கிறது, வெயிலில் காய்ந்தால் சாயமாகப் பிடிக்கும். இப்போதைக்கு ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். மெல்லிய சிவப்பு மிஞ்சினால் பளபளப்புக்கான மெல்லிய பாலிஷ் கையால் போட்டாலே போதும், காம்பவுண்டு வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து: வெல்டிங் பட்டறைக்கு எதிரில்தான் ஆபீஸ் பார்க்கிங். காரில் துருப் பொட்டுகள். பாடி துருப்பிடிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புப் பொறி சூட்டோடு வந்து கிளியர் கோட்டில் குத்தி நின்று, அதுதான் துருப்பிடிக்கிறது. அயர்ன் ரிமூவர் என்று ஒரு திரவம் உண்டு. தெளித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும், நாற்றம் தாங்காது. காய்வதற்குள் கழுவி, மிச்சத்துக்குக் கிளே போடுங்கள். கண்ணாடியில் குத்தியது குழியாகவே நிற்கும். நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

காரைக்குடியிலிருந்து: பழைய கார், வெளியே ரீபெயின்ட் அடித்தது. நீங்கள் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்துமா?

கவனம் வேண்டும். கம்பெனி பெயின்ட் சுமார் 140 டிகிரியில் சுட்டு இறுக்கப்பட்டது. வெளியே அடிப்பதை அந்தச் சூட்டில் சுட முடியாது, மலிவான பெயின்ட் என்றால் தின்னர் பட்டதும் கரையும். டிக்கி மூடியின் உட்பக்கத்தில் ரீபெயின்ட் பட்டிருக்கும் ஓர் இடத்தில் டர்பன்டைனைத் தொட்டுப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் வெளியே அதைத் தொடாதீர்கள், தாருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் தண்ணீரும் ஷாம்புவும் மட்டும்.

பெயர் ஊர் போடாத ஒருவர்: டூத்பேஸ்ட்?

அது பல்லைத் தேய்க்கும் பொடி கலந்தது. கீறும். வேண்டாம்.

வாரா வாரம் சென்னையிலிருந்து திருச்சிக்கு ஓட்டும் ஒரு அம்மா: மழைக்குப் பிறகு ராத்திரியில் ஓட்டினால் பம்பரெல்லாம் ஈசல். பகலில் பறவை எச்சம். டிக்கியில் என்ன வைத்துக்கொள்ளட்டும்?

இரண்டு லிட்டர் தண்ணீர், டிஷ்யூ, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒரு தெளிப்புப் பாட்டிலில் நீர்த்த ஷாம்பு. இவ்வளவு போதும். எச்சத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் சூடான பானட்டில் சில மணி நேரத்திலேயே தடம் விழும். காய்ந்திருந்தால் டிஷ்யூவை நனைத்து அதன் மேல் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு டிஷ்யூவோடு சேர்த்து அள்ளி மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்க வேண்டாம், உள்ளே மண்ணும் விதையும் இருக்கும். ஈசலுக்கும் அதே ஈரத் துணிதான், பம்பர் முழுக்க ஒட்டிவிட்டுக் கால் மணி நேரம். ராத்திரி வந்து இறங்கியதும் அலுப்பில் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.