குடியை விட்டவர் எந்தக் கூட்டத்துக்குப் போகலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்குக் கடற்றொழில். ஆஸ்பத்திரியில் நின்று சாராயத்தை விட்டு மூன்று கிழமை. ஏ.ஏ. கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்தவர், "அங்க கடவுளைப் பற்றித்தான் கதைக்கினம், எனக்குச் சரிவராது" என்கிறார். வேறு கூட்டம் எப்படித் தேடுவது? நானும் கூடப் போகலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: ஒரு கூட்டத்தோடு கணக்கை முடிக்க வேண்டாம். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு குழுவும் தன்பாட்டில் நடக்கிறது. ஓரிடத்தில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளை வாசிப்பார்கள், ஓரிடத்தில் ஒருவரே நெடுநேரம் பேசுவார், இன்னோரிடத்தில் சுற்றிவர எல்லோரும் கதைப்பார்கள். இப்போதுதான் விட்டவருக்குக் கடைசி வகை பெரும்பாலும் ஒத்துவரும். ஒரே குழுவுக்கு நாலு தரமாவது போனால்தான் அது யாருடைய குழு என்று தெரியும். முதல் நாள் வாயடித்த ஆள் அடுத்த கிழமை வராமலும் இருக்கலாம்.

கடவுள் விடயம்: படிகளில் இருப்பது "நாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள்". அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்காகக் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. பிரார்த்தனை சொல்லும் நேரம் பேசாமல் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரிகவரி என்ற முறை இணையத்தில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

விசாரிக்க நல்ல இடம், அவர் மருந்து எடுக்கும் மனநல கிளினிக். யார் எங்கே ஒழுங்காகக் கூடுகிறார்கள் என்று அங்குள்ள தாதிமாருக்குத் தெரிய வாய்ப்புண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் கேட்கலாம். "கூட்டம் இருக்கா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எந்த மொழியில் கதைக்கிறார்கள்? வழமையாக எத்தனை பேர் வருகிறார்கள்? கடைசி பஸ்ஸுக்கு முன் முடியுமா? இரவில் கடலுக்குப் போகிறவருக்குப் பின்னேரக் கூட்டம் சரிவராது, பகல் கூட்டம் தேடுங்கள். நிலாக் காலத்தில் தொழிலுக்குப் போகாத நாட்களும் பங்குக்காசு கைக்கு வரும் நாளும்தான் வழுக்கும் நாட்கள். அந்த நாட்களில் விழுகிற கூட்டத்தை விடவே கூடாது.

பத்து நிமிடம் முந்திப் போகச் சொல்லுங்கள். "இண்டைக்குக் கேட்க வந்தனான்" என்றால் போதும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவுக் கட்டணமும் இல்லை. உண்டியல் சுற்றிவரும், புதியவர் போடத் தேவையில்லை. முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவராமல் தேத்தண்ணிக்கு நிற்கவேண்டும். தொலைபேசி இலக்கம் வாங்குவது அங்கேதான். பிறகு ஸ்பான்சராக, அதாவது கூடவே நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினராக, ஒருவரைக் கேட்கும்போது ஆணுக்கு ஆண், குறைந்தது ஒரு வருடம் குடிக்காதவர், சொந்தக்காரரோ, படகு வைத்திருக்கும் சம்மாட்டியோ இல்லாதவர் என்று பார்க்கவேண்டும்.

கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், கடன் கேட்கிறவர், கூட்டத்தில் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர் இருக்கும் குழுவுக்குத் திரும்பிப் போகவேண்டாம்.

நீங்கள் யாரும் வரக்கூடிய திறந்த கூட்டத்துக்குப் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். காவலுக்குப் போவதென்றால் திறந்த கூட்டத்துக்கும் போகாதீர்கள், அவர் உங்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுவார். குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது, அதன் கூட்டங்கள் இணையவழியாகவும் நடக்கின்றன.

கேள்வி: நான் முஸ்லிம். கூட்டத்துக்குப் போவதை ஊரில் ஒருவர் கண்டாலும் கலியாணப் பேச்சே நின்றுவிடும். என்ன வழி?
— பெயர் வேண்டாம், கிண்ணியா

பதில்: இணையவழிக் கூட்டத்தில் தொடங்குங்கள். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம், ஆகவே தமிழ்நாட்டுக் கூட்டத்தின் நேரத்தை மாற்றிக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. சூமில் நுழையுமுன் பெயரைப் பாருங்கள். போனில் பதிந்த முழுப்பெயரும் படமும் அப்படியே எல்லோருக்கும் தெரியும். ஓரெழுத்தாக மாற்றிப் படத்தை நீக்குங்கள், கமராவை மூடுங்கள், காதில் இயர்போன். நாலைந்து தரம் கேட்ட பிறகு நேரில் போக மனம் வந்தால், ஊருக்கு வெளியே திருகோணமலை டவுணிலோ வேறு இடத்திலோ பார்க்கலாம். அங்கே உங்களைக் காண்கிறவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார்.

கேள்வி: அப்பா தினமும் அரைப்போத்தல் சாராயம். இன்றே நிறுத்திக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா? சாப்பாட்டில் கலக்கும் மருந்து நல்லதா?
— மகன், பாலையூற்று

பதில்: முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கூட்டம். நாள்தோறும் இவ்வளவு குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். சேலைன் ஏற்றும் இடத்தில் அவர் குடிப்பதை மறைக்காதீர்கள். வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

கறியில் கலக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். அது டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துவராமல் செய்யும் மருந்து) என்றால், கலந்தது தெரியாமல் சாராயம் குடித்தவருக்கு இரத்த அழுத்தம் விழுந்து நெஞ்சு படபடத்துச் சாவும் நேரலாம். டொக்டர் எழுதி, அவரே சம்மதித்து விழுங்க வேண்டிய குளிசை அது. நடுக்கம் அடங்கி, சாப்பாடு இறங்கி, இரவில் தூங்கத் தொடங்கியதும் அந்தக் கிழமையே கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்.